சிடியில கட்டி கரைஞ்சாச்சு, அப்புறம் எதுக்கு இன்னொரு ஸ்கேனும் 6 நிமிஷ நடையும்?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒருத்தரோட கேள்வியைத்தான் எடுத்துக்கிறேன். கொஞ்சம் நிதானமா பேச வேண்டிய விஷயம்.

ஒரு மகள் எழுதியிருக்காங்க. அவங்க அப்பாவுக்கு 58 வயசு. 6 மாசத்துக்கு முன்னாடி நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சு ஆஸ்பத்திரியில இருந்திருக்கார். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை இன்னைக்கு வரைக்கும் ஒரு வேளைகூட தவறாம சாப்பிடுறார். மறுபடி சிடி எடுத்துப் பார்த்ததுல கட்டி கரைஞ்சிடுச்சுன்னு ரிப்போர்ட். எக்கோவும் பரவாயில்லைன்னு சொல்லியிருக்காங்க. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 97. ஆனா ஒரு மாடி ஏறினா பாதியில நின்னு மூச்சு வாங்குறார். இப்ப அவங்க டாக்டர் வி-கியூ ஸ்கேனும் (நுரையீரல்ல காத்தும் ரத்தமும் எங்க போகுதுன்னு பார்க்கிற ஸ்கேன்), 6 நிமிஷ நடைப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கார். மகள் கேக்குறாங்க: "சிடியே நல்லா இருக்கே, இன்னொரு ஸ்கேன் எதுக்கு? காரிடார்ல நடக்கிறதெல்லாம் ஒரு டெஸ்ட்டா? அப்பாவை முன்கூட்டியே வீட்டுல நடக்க வச்சுப் பழக்கிடலாமா?"

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் மா. உங்க டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்கார். கட்டிக்கு 3 மாசம் முழுசா மருந்து சாப்பிட்ட பிறகும் மூச்சு வாங்குதுன்னா, "வயசாச்சு, பயம்தான் காரணம்"னு விட்டுடக் கூடாது. காரணத்தைத் தேடிப் பார்த்தே ஆகணும்.

சிடி எதைக் காட்டுது? ஊசியில சாய மருந்தை ஏத்தி, அது ரத்தக்குழாய்க்குள்ள ஓடும்போது படம் பிடிக்கிறோம். குழாயோட உருவம் தெரியும். பெரிய குழாய்ல கட்டி இருந்தா பளிச்சுன்னு தெரியும். புதுசா அடைப்பு வந்த அன்னைக்கு சிடிதான் ராஜா, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பழைய கட்டி சில பேருக்கு முழுசா கரையறதில்ல. குழாயோட உள்சுவர்ல தழும்பு மாதிரி ஒட்டிக்கும், வலை மாதிரி குறுக்கே நிக்கும், இல்ல நுனியில இருக்கிற சின்னக் கிளையை மூடிடும். இதெல்லாம் சிடியில இருக்கலாம், ஆனா கண்ணுக்குத் தப்பிடலாம். பார்க்கிறவருக்கு இந்த நோய்ல நல்ல பழக்கம் வேணும்.

வாய்க்கால் கரையில நின்னு பார்த்தா தண்ணி ஓடுற மாதிரிதான் தெரியும். கடைமடை வயல் நனைஞ்சிருக்கான்னு அங்க போய்ப் பார்த்தாத்தான் தெரியும். வி-கியூ ஸ்கேன் கடைமடையைப் பார்க்கிற ஸ்கேன்.

எப்படிப் பார்க்குதுன்னு சொல்றேன். ஆல்புமின்னு ரத்தத்துல இருக்கிற ஒரு புரதம். அதைப் பொடிப்பொடியான துகளா செஞ்சு, டெக்னீசியம்ங்கிற கதிரியக்கப் பொருளைக் கொஞ்சமா அதுல ஒட்டி, கை நரம்பு வழியா ஏத்துவாங்க. நுரையீரல்ல இருக்கிற தந்துகி, அதாவது ரொம்ப நுண்ணிய ரத்தக்குழாயோட அகலம் 7, 8 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). இந்தத் துகள் அதைவிடப் பெரிசு, 10ல இருந்து 90 மைக்ரான் வரைக்கும் இருக்கும். அதனால ரத்தம் எங்க போகுதோ அங்க போய்த் துகளும் சிக்கி நிக்கும். வெளிய இருந்து கேமரா பார்க்கும். ரத்தம் போற இடம் ஒளிரும், போகாத இடம் இருட்டா ஆப்பு வடிவத்துல தெரியும்.

"ஏற்கெனவே அடைப்புன்னு பயந்துட்டு இருக்கோம், நீங்களே போய் அடைக்கிறீங்களா?"ன்னு நிறையப் பேர் கேப்பாங்க. நியாயமான பயம்தான். போடுற துகள் சில லட்சம். நுரையீரல்ல இருக்கிற நுண்குழாய்களோ கோடிக்கணக்குல. ஆயிரத்துல ஒண்ணுகூட அடைபடாது, அந்தத் துகளும் சில மணி நேரத்துல தானா உடைஞ்சு கரைஞ்சிடும். டெக்னீசியத்தோட கதிர்வீச்சும் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாயிடும். நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் ரொம்ப அதிகமா இருக்கிறவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் துகள் எண்ணிக்கையை இன்னும் குறைச்சுப் போடுவாங்க. கர்ப்பமா இருந்தாலோ பால் கொடுக்கிறவங்களா இருந்தாலோ முன்னாடியே சொல்லிடணும்.

ஊசி போடும்போது மல்லாக்கப் படுக்கச் சொல்வாங்க. அதுக்கும் காரணம் இருக்கு. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா புவியீர்ப்பால ரத்தம் நுரையீரலோட அடிப்பக்கத்துக்கு அதிகமா போகும், மேல்பக்கம் வெளிறித் தெரியும். படுத்தா மேலும் கீழும் ஓரளவு சமமாப் பரவும்.

இன்னொரு பாதி இருக்கு. மூச்சு வழியா கதிரியக்க ஆவியையோ வாயுவையோ இழுக்கச் சொல்லி, காத்து எங்க போகுதுன்னும் படம் எடுப்பாங்க. அது எதுக்குன்னா, நுரையீரல் ரொம்பப் புத்திசாலி. காத்து வராத இடத்துக்கு ரத்தத்தை அனுப்பிப் பிரயோஜனம் இல்லைன்னு அதுவே அங்க குழாயைச் சுருக்கிக்கும். 1946ல ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட்னு ரெண்டு பேர் இதைக் காட்டினாங்க. அதனால ஆஸ்துமா, புகையால வந்த நுரையீரல் நோய் இதுலயும் ரத்தம் குறைஞ்ச இடங்கள் தெரியும். ஆனா அங்க காத்தும் குறைஞ்சிருக்கும். காத்து நல்லா போகுது, ரத்தம் மட்டும் போகலைன்னா, அங்கதான் குழாய்ல அடைப்பு இருக்குன்னு சந்தேகப்படணும்.

ரத்தம் எல்லா இடத்துக்கும் ஒழுங்கா போயிருக்குன்னு ஸ்கேன் வந்தா, பழைய கட்டியால நாள்பட்ட அடைப்புங்கிற நோயைக் கிட்டத்தட்ட நிம்மதியா ஒதுக்கிடலாம். இந்த ஒரு பதிலுக்காகவே நான் இந்த ஸ்கேனை எழுதுவேன்.

எக்கோவைப் பத்தி ரொம்ப பேச வேண்டாம். இதயத்தோட வலது பக்கம் சிரமப்படுதான்னு காட்டும், நுரையீரல் அழுத்தத்தை ஒரு மதிப்பீடாச் சொல்லும். உறுதியா அளக்கணும்னா ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குள்ள மெல்லிய குழாய் விட்டுத்தான் அளக்கணும். சராசரி அழுத்தம் பாதரச அளவுல 20 மில்லிமீட்டருக்கு மேல போனா அதிகம்னு இப்ப வச்சிருக்கோம். உங்க அப்பாவுக்கு அது தேவையான்னு இந்த ஸ்கேன் வந்த பிறகு முடிவு பண்ணுவாங்க.

இப்ப நடைக்கு வரேன். இதைத்தான் நான் உண்மையாப் பேசணும்னு நினைச்சேன், ஏன்னா இதைத்தான் எல்லாரும் லேசா எடுத்துக்கிறாங்க.

நாம சும்மா இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புது. மாடி ஏறினா, வேகமா நடந்தா அது ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஆகும். அவ்வளவு ரத்தம் வந்தும் ஆரோக்கியமான நுரையீரல்ல அழுத்தம் பெரிசா ஏறாது. ஏன்? சும்மா இருக்கும்போது நிறைய நுண்குழாய்கள் மூடியே இருக்கும். தேவை வரும்போது அவை திறக்கும். ஒரு சேமிப்பு மாதிரி. பழைய கட்டி கொஞ்சம் குழாய்களை மூடிட்டா, உடம்பு உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவு பண்ண ஆரம்பிச்சிடும். அதனால 97 காட்டும், எக்கோவும் சுமாரா வரும், மனுஷன் பேசிட்டு இருப்பார். படியில கால் வச்சதும் எடுக்கச் சேமிப்பு இல்ல. உங்க அப்பா நிக்கிறது அங்கதான் மா. நாம எடுக்கிற படம் எல்லாம் படுக்க வச்சு எடுக்கிற படம். அவருக்குக் கஷ்டம் வர்றது நடக்கும்போது. அப்ப நடக்க வச்சுத்தானே பார்க்கணும்?

டெஸ்ட் ரொம்ப எளிமை. 30 மீட்டர் நீளத்துக்குச் சமதளமான காரிடார். ரெண்டு முனையிலயும் ஒரு கூம்பு. 6 நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ நடக்கணும். ஓடக் கூடாது. மூச்சு வாங்கினா நிக்கலாம், சுவத்துல சாயலாம், மறுபடி நடக்கலாம். கடிகாரம் மட்டும் நிக்காது. விரல்ல ஆக்சிஜன் மானி இருக்கும். நடக்கிறதுக்கு முன்னாடியும் முடிஞ்சதும், மூச்சுத் திணறல் எவ்வளவுன்னு 0ல இருந்து 10க்குள்ள ஒரு எண் சொல்லச் சொல்வாங்க. நெஞ்சு வலி, தள்ளாட்டம், வேர்த்து வெளிறிப்போறது இதுல எது வந்தாலும் உடனே நிறுத்திடுவாங்க. போன ஒரு மாசத்துக்குள்ள மாரடைப்பு வந்திருந்தா இதைச் செய்யறதில்ல.

இவ்வளவு எளிமையா இருக்கிறதாலதான் இதுல தப்பு நடக்குது. எங்கிட்ட வந்துட்டிருந்த ஒருத்தருக்கு ஒரு தடவை தூரம் 60 மீட்டர் குறைஞ்சு வந்தது. நோய் முத்திடுச்சோன்னு எனக்கு அன்னைக்குத் தூக்கமே இல்ல. மருந்தை மாத்தலாம்னு எழுதவும் உட்கார்ந்துட்டேன். அப்புறம் கேட்டா, அந்தத் தடவை அவரை 15 மீட்டர் காரிடார்ல நடக்க வச்சிருக்காங்க. நீளம் பாதியானா திரும்புறது ரெண்டு மடங்கு. ஒவ்வொரு திருப்பத்துலயும் வேகம் போகும். பழைய இடத்துலயே மறுபடி நடக்க வச்சப்போ பழைய தூரம் அப்படியே வந்தது. 30 மீட்டர் வித்தியாசம் வந்தாலே அதுக்கு ஓர் அர்த்தம் இருக்குன்னு நாங்க எடுத்துக்கிற டெஸ்ட் இது. அதனால எங்க, எப்படி நடந்தார்னு கேக்காம எண்ணை மட்டும் பார்க்கக் கூடாதுன்னு அன்னைக்கு நான் கத்துக்கிட்டேன்.

வீட்டுல பழக்கலாமான்னு கேட்டீங்க. வேண்டாம் மா. இது பாஸ், ஃபெயில் பரீட்சை இல்ல. அப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டு நல்ல மார்க் வாங்கிட்டா, "நல்லாத்தானே இருக்கார்"னு சொல்லி அனுப்பிடுவாங்க, கஷ்டம் அவரோடயே வீட்டுக்கு வரும். முதல் தடவையைவிட ரெண்டாவது தடவை பெரும்பாலானவங்க கொஞ்சம் அதிகமா நடப்பாங்க, வழி பழகிடுறதால. அதுக்காகத்தான் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து ரெண்டு தடவை நடக்க வச்சு, அதிகமா வந்த தூரத்தை எடுத்துக்கிறது நல்ல முறை. பழக்கம் அங்கேயே நடந்துடும்.

அன்னைக்கு வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், பட்டினியும் வேண்டாம். வழக்கமான மாத்திரை எல்லாம் சாப்பிடணும். தினமும் போடுற செருப்போ ஷூவோ போதும். கைத்தடி வச்சு நடக்கிறவர்னா அதோடயே நடக்கணும். நகப்பூச்சு இருந்தா மானி தப்பாக் காட்டலாம், எடுத்துடுங்க. ரெண்டு மணி நேரம் முன்னாடியில இருந்து கஷ்டமான வேலை எதுவும் வேண்டாம். நீங்க கூடவே நடந்து "வாங்கப்பா, இன்னும் கொஞ்சம்"னு உற்சாகப்படுத்தக் கூடாது. டெக்னீஷியனே ஒவ்வொரு நிமிஷமும் இத்தனை வார்த்தைதான்னு வச்சுப் பேசுவார், அதுக்கு மேல பேச மாட்டார். நீங்க நாற்காலியில உட்கார்ந்திருங்க.

இணையத்துல 440 மீட்டர், 165 மீட்டர்னு எண் பார்த்துட்டுப் பயப்பட வேண்டாம். அது நுரையீரல் ரத்த அழுத்த நோய் உறுதியானவங்களுக்கு ஆபத்தைக் கணிக்க வச்சிருக்கிற அளவு. உங்க அப்பாவுக்கு அந்த நோய் இருக்கான்னே இன்னும் தெரியாது. உயரம், வயசு, எடை, முட்டி வலி எல்லாமே தூரத்தை மாத்தும்.

ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்கும்போதுதான் வழி தெரியும். ஸ்கேன் சுத்தமா இருக்கு, நடக்கும்போதும் ஆக்சிஜன் இறங்கலை, ஆனா தூரம் குறைவுன்னு வச்சுக்குவோம். 6 மாசமா பயந்து அசையாம இருந்ததால தசை தளர்ந்திருக்கலாம். இது ரொம்ப சகஜம், படிப்படியான நடைப்பயிற்சியில நல்லா மாறும். அப்பவும் குழப்பம்னா முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்க வைக்கிற ஒரு பரிசோதனை இருக்கு. இதயமா, நுரையீரலா, தசையான்னு அது பிரிச்சுச் சொல்லும். மாறா, ஸ்கேன்ல இருட்டான ஆப்புகள் இருக்கு, நடக்கும்போது ஆக்சிஜன் 97ல இருந்து 86க்கு இறங்குதுன்னா, பழைய கட்டியால வர்ற நாள்பட்ட அடைப்பு நோயா இருக்கலாம், தாமதிக்காம அதுக்குன்னே இருக்கிற சிறப்பு மையத்துக்குப் போகணும். கட்டி வந்தவங்கள்ல நூத்துல சில பேருக்குத்தான் இது வரும். வந்தாலும், நுரையீரல் உயர் அழுத்த வகைகள்ல ஆபரேஷனாலேயே குணமாக வாய்ப்பு இருக்கிற வகை இதுதான். குழாயோட உள்சுவர்ல ஒட்டின தழும்பை உரிச்சே எடுத்துடுவாங்க. அது முடியாதவங்களுக்கு பலூன் சிகிச்சையும் மாத்திரையும் இருக்கு. இந்த வாய்ப்பு இருக்குன்னு தெரியாமலே வருஷக்கணக்கா மூச்சு வாங்கிட்டே இருக்கிறவங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ரொம்ப வலிக்கும்.

ரிசல்ட் எது வந்தாலும் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. நடுவுல திடீர்னு மயக்கம், நெஞ்சு வலி, இருமல்ல ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கறது இதுல எது வந்தாலும் டெஸ்ட் தேதி வரைக்கும் காத்திருக்காம அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.

டெஸ்ட் முடிஞ்சு வரும்போது தூரம் மட்டும் எழுதின ஒரு சீட்டைக் கொடுத்தா வாங்கிட்டு வந்துடாதீங்க மா. ஆக்சிஜன் எவ்வளவு வரைக்கும் இறங்குச்சு, மூச்சுத் திணறலுக்கு அப்பா என்ன எண் சொன்னார், எத்தனை தடவை நின்னார், மூச்சு வாங்கி நின்னாரா இல்ல கால் வலிச்சு நின்னாரா, காரிடார் எத்தனை மீட்டர், இவ்வளவையும் எழுதிக் கேட்டு வாங்குங்க. ஸ்கேன் ரிப்போர்ட்டோட படத்தையும் சேர்த்து உங்க டாக்டர்கிட்ட ஒரே நாள்ல காட்டுங்க.