வலிக்கவே இல்லையே, சிஸ்டர்

(ஏற்காடு மலையில் ஒரு கிராமத்தில், காப்பிப் பழம் பறிப்பு முடிந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த மகளிர் குழுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கீச்சிடுகிறது, அதை அணைத்துவிடுங்கள் தம்பி. வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது, கேட்கும். பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற அண்ணன்மார்களும் உள்ளே வந்து உட்காருங்கள். உங்களுக்கும் சேதி இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுவோம். நம் பக்கத்தில் யாருக்காவது இது வந்தால் "அந்த நோய்" என்கிறோம். சாவு வீட்டில்கூட "வயித்துல ஏதோ கட்டியாம்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். பெயர் புற்றுநோய். கேன்சர். வாயால் சொன்னால் வந்துவிடாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. 2022ஆம் வருடம் மட்டும் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாக வந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கு வருகிற ஒன்றை இன்னும் பெயர் சொல்லாமலே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் அடிவாரத்தில் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுக்கு மணி கோக்கிற ஓர் அம்மா. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், நான் குழந்தையைப் பார்க்கப் போனேன். அந்த அம்மா பேரனை இடது தோளிலேயே போட்டுக்கொண்டிருந்தார். வலது பக்கம் மாற்றவே இல்லை. குழந்தை துள்ளுகிறது, இடது கை சோர்ந்து போகிறது, அப்போதும் மாற்றவில்லை. உள்ளே கூப்பிட்டுப் பார்த்தேன். வலது மார்பில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. "எப்போதிருந்து?" என்றேன். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால பட்டாணி மாதிரி இருந்துச்சு. வலிக்கவே இல்லையே, சிஸ்டர். வலிச்சிருந்தா வந்திருப்பேனே" என்றார்.

சேலத்துக்கு அழைத்துப் போனோம். ஆபரேஷன் ஆனது, மருந்து ஏற்றினார்கள். பேரன் நடக்கிறவரை இருந்தார். அதற்கு மேல் இல்லை.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, பாருங்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். பல் வலித்தால் பல் டாக்டர், வயிறு வலித்தால் ஊசி. வலிதான் நமக்கு மணி அடிக்க வேண்டும். ஆனால் மார்பில் வரும் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வாயில் வருகிற வெள்ளைத் திட்டு வலிக்காது. கர்ப்பப்பை வாயில் வருவதும் அப்படித்தான். அது வலிக்க ஆரம்பிக்கிற காலம், அநேகமாக நமக்கு நேரம் கடந்துவிட்ட காலம்.

காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அரபிகாச் செடியில் தண்டு துளைப்பான் என்ற வண்டு வந்தால் செடி உடனே வாடுகிறதா? மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும். இலை மஞ்சளாகும்போது உள்ளே தண்டு பொடிப்பொடியாகியிருக்கும். அதனால்தான் வண்டு வெளியே வந்து பறக்கிற பருவத்துக்கு முன்னாலேயே செடி செடியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். தண்டைச் சுற்றி எங்கேயாவது மேடு தட்டுகிறதா என்று தேடிக்கொண்டே போகிறீர்கள். மேடு இருந்தால் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு மற்றதைக் காப்பாற்றுகிறோம். முதலாளி தோட்டத்துச் செடிக்குச் செய்கிற வேலையை நம் உடம்புக்கு நாம் செய்வதில்லை. சிரிக்கிறீர்கள். எனக்கும் சிரிப்புதான் வருகிறது, ஏனென்றால் நானும் செய்யவில்லை. அதையும் சொல்கிறேன்.

மார்பில் என்ன பார்ப்பது? குளிக்கும்போது கைக்குப் புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டால், அக்குளில் கட்டி வந்தால், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டால், காம்பில் ரத்தமோ நீரோ கசிந்தால், அல்லது நம்மூர்க் கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி மார்புத் தோல் குழி குழியாகத் தெரிந்தால், காட்டிவிடுங்கள். கட்டிகளில் முக்கால்வாசிக்கு மேல் சாதாரணக் கட்டிதான். டாக்டர் பார்த்துவிட்டு "போய்ட்டு வாம்மா" என்றால் நல்லதுதானே. ஒரு நாள் கூலி போகும், அது எனக்குத் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டும், பாதிப் பேருக்கு வாந்தி வரும், அதுவும் தெரியும்.

இப்போது கர்ப்பப்பை வாய்க்கு வருகிறேன். வெட்கப்படாதீர்கள், நாலு பிள்ளை பெற்றவர்கள்தான் முன்வரிசையில் இருக்கிறீர்கள்.

இது ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. ரொம்பச் சாதாரணமான வைரஸ், கல்யாணமான பெரும்பாலோருக்கு எப்போதாவது வந்து தானாகவே போயிருக்கும். யாருடைய ஒழுக்கத்துக்கும் இது சான்றிதழ் இல்லை, அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடுங்கள். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. தங்கியது புற்றாக மாற 15, 20 வருடம்கூட ஆகும். அவ்வளவு காலம் நமக்கு அவகாசம் தருகிற நோய் வேறு எது?

சோதனை எப்படி என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். கடையில் ஊறுகாய்க்கு வாங்குகிற வினிகர் இருக்கிறதே, அதில் உள்ள அதே அமிலம்தான். நீர்க்கக் கலந்து, பஞ்சில் நனைத்து, கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். கோளாறு உள்ள இடம் வெள்ளையாக மாறும். கொஞ்சம் சுரீர் என்று இருக்கும், அவ்வளவுதான். மொத்தமே சில நிமிடம். வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. புற்றாக மாறுவதற்கு முன்னால் இருக்கிற திட்டாக இருந்தால் குளிர வைத்தோ சூடு வைத்தோ அந்த இடத்தை அழித்துவிடுகிறார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

இது எங்கேயோ அமெரிக்காவில் செய்து பார்த்த சேதி இல்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில், 30 முதல் 59 வயதுப் பெண்கள் 31 ஆயிரம் பேருக்கு மேல், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இதே சோதனையைச் செய்தார்கள். ஒரே ஒரு தடவைதான். ஏழு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், சோதனை நடக்காத ஊர்களைவிட இந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு. 2007ல் அந்த முடிவு வெளியாகி உலகம் முழுக்கப் படித்தார்கள். செய்தவர்கள் என்னைப் போன்ற நர்ஸ்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வத்தோடு நான் என்ன செய்தேன் தெரியுமா? வீடு வீடாகப் போய் உங்களையெல்லாம் கூப்பிட்டேன். நான் படுத்துச் சோதனை செய்துகொண்டது 47 வயதில். முகாம் நாளில் ஒரு பாட்டி எல்லோர் முன்னாலும், "ஏங் கண்ணு, நீ பாத்துக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டார். பதில் இல்லை. அன்று சாயங்காலமே செய்துகொண்டேன். ஒன்றும் இல்லை. ஆனால் இருந்திருந்தால்? 30 வயதில் செய்திருக்க வேண்டியதைப் பதினேழு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் என் தப்புதான். ஒரு ஊரில் முகாம் வைத்தால் பத்துப் பெண்கள்கூட வரவில்லை. அறியாமை, மூடநம்பிக்கை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன். அடுத்த தடவை ஒரு பெண் தனியாக வந்து சொன்னாள்: "கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லீங்க. திரை வேற காத்துல பறக்குது." போய்ப் பார்த்தேன். உண்மைதான். தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. கிழித்துப் போட வேண்டியது என் ரிப்போர்ட்டைத்தான்.

சரி. 30 வயது தாண்டிய எல்லோரும் 5 வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்துகொள்ள வேண்டும். மாதவிலக்கு அடியோடு நின்ற பிறகு ரத்தம் பட்டால், புருஷனோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டால், நாற்றத்தோடு வெள்ளை பட்டால், 5 வருடக் கணக்கெல்லாம் பார்க்காமல் மறுநாளே போங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளை இருந்தால் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றி நர்ஸிடம் கேளுங்கள். அந்த ஊசியை இப்போது நம் நாட்டிலேயே தயாரிக்கிறார்கள். ஊசி போட்டவளுக்கும் பின்னால் சோதனை உண்டு.

இனி அண்ணன்மார்களே. எல்லோரும் மூன்று விரலைச் சேர்த்து, செங்குத்தாக வாய்க்குள் விடுங்கள். கூச்சப்படாதீர்கள், நானும் செய்கிறேன். நுழைகிறதா? அதோ அந்தச் சிவப்புச் சட்டைத் தம்பிக்கு இரண்டு விரலோடு நிற்கிறது. தம்பி, உன்னைப் பயமுறுத்தவில்லை, ஆனால் கூட்டம் முடிந்ததும் போய்விடாதே.

வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கமெல்லாம் பாக்குத் தோப்புதான். பாக்கு நமக்கு மங்கலப் பொருள். தட்டில் வெற்றிலை பாக்கு இல்லாமல் நிச்சயதார்த்தம் உண்டா? அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, என் அப்பா வீட்டிலேயே பாக்கு உரித்திருக்கிறோம். ஆனால் புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004லேயே அறிவித்துவிட்டது. தினமும் அடக்கி வைத்தால் கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகும். காரம் சுள்ளென்று எரியும். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்காமல் போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் தட்டுவடை செட்டை இரண்டாக உடைத்து, பிறகு நாலாக உடைத்து, கடைசியில் நொறுக்கிக் கரண்டியால் சாப்பிட்டார். அப்போதும் அவருக்கு வலி இல்லை. பல்லில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தார்.

வாயில் 15 நாளில் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதுவானாலும் காட்டுங்கள். பீடிக்கும் சாராயத்துக்கும் தனியாக நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் இன்னும் மோசம்.

கடைசியாக, "கத்தி வெச்சா பரவிடும்" என்கிற பேச்சு. சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை. முற்றிப்போன பிறகு கத்தி வைக்கப் போகிறோம், அப்புறம் ஆள் போய்விட்டால் கத்திமேல் பழி. செலவைப் பற்றிக் கேட்டீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள். ஆலோசனைக்கு 104க்குப் போன் போடலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு பல வருடம் அலைந்து 1954ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அவர் தங்கை நோயில் கிடந்தபோது இதற்கென்று போக நம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி இல்லை. நமக்கு இருக்கிறது.

பிரஷர், சுகர் மாத்திரை இப்போது வீடு தேடி வருகிறது. இந்தச் சோதனைக்கு மட்டும் நீங்கள்தான் எழுந்து வர வேண்டும். டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு வாருங்கள். ஆண்களுக்கு வாய் பார்க்க இங்கேயே டார்ச்சோடு நான் உட்காருகிறேன், சிவப்புச் சட்டை முதலில். பெண்களுக்குப் பின்பக்க அறையில் ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் காத்திருக்கிறார். ஒவ்வொருவராகப் போகலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. காலையில் வந்ததும் நானே இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்துவிட்டேன்.