வீடு விற்கப் போகிறோம்: மாடிப் பலகையைத் தேய்ப்பதா, விடுவதா?

வணக்கம் உறவுகளே. பின்னால் கேட்கிற சத்தம் மழைதான், ஓட்டில் விழுகிறது. தை பிறந்தும் இந்த முறை விடுகிற மாதிரித் தெரியவில்லை. நான் நிற்பது மட்டக்களப்பு புளியந்தீவில், அம்மம்மாவின் வீட்டு மேல்மாடியில். இந்த வீட்டை விற்கப் போகிறோம், அது முடிவாகிவிட்டது, அதை நினைத்து அழுகிற வீடியோ இல்லை இது. என் காலுக்குக் கீழே கிடக்கிற இந்தப் பலகை நிலத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. கமெராவை இறக்குகிறேன், பாருங்கள். நரைத்துப் போய், ஆணியைச் சுற்றிக் கறுத்து, ஜன்னல் ஓரத்தில் ஒரு பெரிய கறை. இதைத் தேய்த்துப் புதுசாக்கிவிட்டு விற்பதா, இப்படியே காட்டுவதா?

டொரன்டோவில் இருக்கிற அண்ணனுக்கு இதில் சந்தேகமே இல்லை. "அங்கே வீடு விற்கிற ஆட்கள் முதலில் நிலத்தைத்தான் தேய்ப்பார்கள், நீ ஏன் யோசிக்கிறாய்" என்று ஒரு வாரமாக வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 40 ஆம் நம்பர் மண்தாளில் தொடங்கி 60, 80, 100 என்று போய், தூசியைத் துடைத்து, மேலே பொலியூரதேன் வார்னிஷ் இரண்டு மூன்று கோட். அவர் சொல்வது அங்கே சரி. அங்கே முக்கால் அங்குல ஓக் பலகை, கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர், ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துப் போட்டது, ஆணி வெளியே தெரியாது. இங்கே எல்லா ஆணியும் மேலே இருந்து அறைந்தது. தேய்க்க முதல் ஒவ்வொன்றையும் உள்ளே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் கிழிந்துபோகும். இந்த ஒரு அறையில் 180 வரைக்கும் எண்ணினேன், அதற்கு மேல் முதுகு விடவில்லை.

சரி, நாங்களே குழம்புவதை விடத் தெரிந்த ஆளைக் கேட்போம் என்று காத்தான்குடியில் இருந்து ஒரு ஓடாவியாரை, மரவேலை செய்கிறவரை, கூட்டி வந்தேன், அண்ணன் என்கிற மாதிரி அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். காக்கா மெஷின் எதுவும் கொண்டுவரவில்லை, ஒரு ஸ்க்ரூட்ரைவரும் ஒரு இரும்பு அடிமட்டமும் மட்டும். பலகை முதிரை மரம் என்று மாமா இத்தனை வருசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், காக்கா பார்த்த உடனே தேக்கு என்றார். மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

காக்கா முதலில் செய்தது என்ன தெரியுமா, நகத்தால் பலகையைச் சுரண்டினார். நகத்துக்குள் பழுப்பாக ஒரு பிசுக்கு வந்தது. "இது மெழுகு போட்ட நிலம் மகள். இதுக்கு மேல வார்னிஷ் அடிச்சா ஒட்டாது, உரிஞ்சி வரும். மெஷின் போட்டாலும் மெழுகு இளகி தாள்ல அப்பிக்கும்." அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அம்மம்மா கீழே சிவப்புச் சீமெந்து நிலத்துக்கும் மேலே இந்தப் பலகைக்கும் பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்ப்பார், ஒரு காலை மட்டையில் வைத்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அரைவாசி ஆட்டம் மாதிரி. நாங்கள் சொக்ஸ் போட்டுக்கொண்டு வழுக்கி விளையாடுவோம். ஒரு நாள் நான் படி வரைக்கும் வழுக்கினேன், அந்தத் தழும்பு இன்னும் நாடியில் இருக்கிறது.

பிறகு அந்த அடிமட்டத்தை எடுத்துப் பலகைக்குக் குறுக்கே வைத்தார். நடுவில் கீழே வெளிச்சம் தெரிகிறது! ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி, நடு பள்ளமாகக் கிடக்கிறது. கீழ் அறை ஒரு வருசமாகப் பூட்டிக் கிடந்தது, பலகையின் அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிந்திருக்கிறது, அதனால்தான் இந்த வளைவு. இப்போது மாரியில் இதைத் தேய்த்துச் சமமாக்கினால், வெயில் காலத்தில் பலகை காய்ந்து தன் பழைய நிலைக்குத் திரும்பும்போது, தேய்ந்த ஓரங்கள் தாழ்ந்து நடு மேடாக நிற்கும். பலகைக்கு இடையில் இருக்கிற இடுக்கும் அப்படித்தான், வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறக்கும், மழைக்கு மூடும், அதற்குள் மரத்தூளும் பசையும் போட்டு அடைத்தால் அடுத்த மாரிக்குப் பிதுங்கி வெளியே வந்துவிடும். அண்ணனின் ஊரில் இது தலைகீழ், அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போடப் போடப் பலகை காய்ந்து இடுக்கு விழும். அதனால் அவர் சொல்கிற மாதக்கணக்கும் இங்கே உதவாது.

இந்த ஜன்னல் கறை 1978 நவம்பர் 23 சூறாவளி. அன்றைக்கு ஓடு பறந்து, மழை முழுக்க இந்த அறைக்குள்தான் பெய்ததாம். ஆணியின் இரும்பும் மரத்தில் இருக்கிற டானின் என்கிற துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்தால் இந்தக் கறுப்பு வரும், உள்ளே இறங்கிய கறை மேலே தேய்ப்பதால் போகாது. ஒக்சாலிக் அமிலம் போட்டால் வெளுக்கும் என்றார் காக்கா. எனக்கு வெளுக்க மனமில்லை.

இனிக் காசுக் கதை. இதுவரை மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் காணி உறுதியைக் கேட்டார், காணி எத்தனை பேர்ச் என்று கேட்டார், மழைக்கு முற்றத்தில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டார், மேலே ஏறவே இல்லை. இரண்டாவது ஆள் ஏறினார், ஏறி, இதைக் கழற்றிவிட்டு கொங்கிறீட் போட்டு டைல்ஸ் பதிக்கலாமா என்று கேட்டார். நான் கடன் வாங்கித் தேய்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவதாக வந்த அம்மா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் நடந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் தேய்க்கவில்லை. ஆனால் ஒரு வேலை செய்தே ஆக வேண்டும், கறையான். காக்கா ஸ்க்ரூட்ரைவரால் தட்டிக்கொண்டே போனார், படிப்பக்கம் ஒரு பலகையில் மட்டும் சத்தம் மாறியது, குத்தினால் முனை அப்படியே உள்ளே போகிறது. அந்தப் பலகையையும் அதைத் தாங்குகிற மரத்தையும் மாற்றுகிறோம். புதுப் பலகை நிறம் மாறித் தெரியும், தெரியட்டும், வாங்குகிற ஆள் கேட்டால் ஏன் மாற்றினோம் என்று சொல்லிவிடுவேன். அதை மறைக்கிற மாதிரி மேலே பளபளப்பு ஏற்றி விற்க எனக்குப் பயம், நாளைக்கு அவர்களையும் இந்த ஊர்த் தெருவில்தானே காண வேண்டும்.

மற்றபடி டேர்பன்டைன் நனைத்த துணியால் பழைய அழுக்கு மெழுகைத் துடைத்து, புது மெழுகு பூசி, மட்டை போடப் போகிறேன். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், வாசம் தலைக்கு அடிக்கும், துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். இந்த மூலையில் ஒரு சதுரம் செய்து பார்த்தேன், கிட்ட வருகிறேன், தெரிகிறதா? இது பழசு, இது நேற்றுச் செய்தது. அரை மணித்தியால வேலை.

சனிக்கிழமை அந்த அம்மா மகனையும் கூட்டிக்கொண்டு திரும்ப வருகிறாராம். அதற்குள் மற்ற அறையில் மூடிக் கிடக்கிற அந்த லினோலியம் விரிப்பை எடுத்துவிட வேண்டும், அதுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மாமா, கொஞ்சம் வாங்க, அந்த முனையைப் பிடிங்க. கமெரா ஓடட்டும்.