மறைந்திருக்கும் ஆர்க்கெஸ்ட்ரா: ரிச்சர்ட் வாக்னர்

அவையோருக்கு வணக்கம்.

ஜெர்மனியின் பைராய்ட் நகரில் ஒரு குன்றின்மேல் ஓர் ஓபரா அரங்கு, அதாவது பாட்டிலேயே நடக்கும் நாடகத்துக்கான அரங்கு, இருக்கிறது. சுமார் 1,900 பேர் உட்காரலாம். நூறு பேருக்கு மேல் வாத்தியம் வாசிப்பார்கள். மேடைக்கு அடியில் ஒரு குழிக்குள் இருப்பதால் ஒருவர் முகம்கூட நமக்குத் தெரியாது. அதை அமைத்த ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னரைப் பற்றிப் பேச அந்தக் குழிதான் நல்ல தொடக்கம்.

அவருடைய 'ரிங்' நான்கு நாள் நாடகம். அதற்கு எட்டு ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியங்கள், யாழ் போன்ற ஆறு ஹார்ப். அந்த ஹார்ன்காரர்களில் நால்வர், அவர் இதற்கென்றே செய்வித்த 'வாக்னர் டூபா'வையும் மாற்றி மாற்றி ஊத வேண்டும். இத்தனையும் மேடைக்கு முன்னால் திறந்து ஒலித்தால் பாடுகிறவர் குரல் எடுபடாது. அதனால் குழியைப் படிப்படியாக மேடைக்கு அடியில் இறக்கினார். மேல்படிகளில் வயலின் வகை, நடுவில் மரக்குழல்கள், அடியில் பித்தளையும் தாளமும். பார்வையாளர் பக்கம் வளைந்த மூடி. ஒலி அதில் பட்டு மேடைக்குத் திரும்பி, குரலோடு கலந்த பிறகே நம்மை வந்தடைகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குழிக்குள் நின்று ஆர்க்கெஸ்ட்ராவை வழிநடத்தும் நடத்துநருக்கு வாத்தியம் இடிபோலக் கேட்கும். பாட்டு மங்கலாகவும் பிந்தியும் வரும். பிந்துகிறதே என்று அவர் காத்து நின்றால் தாளம் இழுபட்டுப்போகும். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இப்படி ஓர் அரங்கு கட்ட அவரிடம் காசு ஏது? 1813இல் லைப்சிக்கில் பிறந்தவர். 1839இல் கடன்காரர்களுக்குப் பயந்து ரீகாவிலிருந்து ஓடினார். பாரிஸில் வறுமை. அப்போது கைகொடுத்தவர் மெயர்பீர் என்ற யூத இசையமைப்பாளர். வாக்னரின் 'ரியென்ஸி' ஓபரா 1842இல் ட்ரெஸ்டனில் மேடையேற மெயர்பீரின் பரிந்துரையும் உதவியது. அதே நகரில் 1849இல் அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் சேர்ந்ததால் வாக்னர்மேல் பிடியாணை வர, சுவிட்சர்லாந்தின் சூரிச்சுக்குத் தப்பினார். அங்கிருந்துதான் 1850இல், புனைபெயரில், இசைத்துறையில் உள்ள யூதர்களை இழித்து ஒரு கட்டுரை எழுதினார். மெயர்பீரும் அதில் தப்பவில்லை. ஆத்திரத்தில் எழுதியது என்று கடந்துபோக அவரே வழிவிடவில்லை: 1869இல் சொந்தப் பெயரிலேயே மறுபடி அச்சிட்டார். இது நன்றிகெட்ட செயல், கொடிய செயல். அவர் இசையை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். 1930களில் ஹிட்லர் பைராய்டின் விருந்தாளியானார். 1938 நவம்பரில் யூதர்கள் தாக்கப்பட்ட பிறகு பாலஸ்தீன ஆர்க்கெஸ்ட்ரா, இன்றைய இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக், வாக்னர் இசையை வாசிப்பதை நிறுத்தியது.

1864இல் பவேரியாவின் இளம் மன்னர் லுட்விக் அவருடைய கடன்களை அடைத்தார். பின்னாளில் அரங்கு கட்டி முடியவும் கடன் கொடுத்தார். 1876இல் 'ரிங்' அரங்கேறியது. நஷ்டம் பெரிது, அடுத்த விழாவுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. 1882இல் அவருடைய கடைசி ஓபரா 'பார்சிஃபல்'. மன்னர் தம் ம்யூனிக் ஆர்க்கெஸ்ட்ராவை அனுப்பினார். அதன் நடத்துநர் ஹெர்மன் லெவியும் கூடவே வந்தார். லெவி ஒரு ரப்பியின், அதாவது யூத மதகுருவின், மகன். ஞானஸ்நானம் பெறும்படி வாக்னர் வற்புறுத்தினார்; லெவி மறுத்தார். 1881இல் லெவியை இழித்து வந்த ஒரு மொட்டைக் கடிதத்தை வாக்னர் அவரிடமே காட்ட, லெவி ஊரைவிட்டே போய்விட்டார். திரும்பி வரும்படி எழுதியவரும் வாக்னர்தான்.

1882 ஆகஸ்ட் 29, அந்த விழாவில் 'பார்சிஃபல்' கடைசியாக மேடையேறிய நாள். மூன்றாம் அங்கத்தின் நடுவில் வாக்னர் குழிக்குள் இறங்கி, லெவியின் கையிலிருந்து கோலை வாங்கி, முடிவுவரை தாமே நடத்தினார். லெவி பக்கத்திலேயே நின்றார். மூடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஆறு மாதத்துக்குள் வாக்னர் வெனிஸில் இறந்தார். பைராய்டில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் லெவியும் ஒருவர்.