விண்டோஸில் வருகிற வைஃபை லினக்ஸில் ஏன் வரவில்லை?

அடுத்த கேள்வி கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. வாசிக்கிறேன். "அண்ணா, விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் மின்ட் போட்டேன். அதில் வைஃபை பட்டியலே வரவில்லை. விண்டோஸில் நன்றாக வருகிறது. கடையில் கேட்டால் கார்டு பழுது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். திரும்ப ஃபோர்மட் பண்ணவா? இன்னொன்று, லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் நேரம் பிழையாகக் காட்டுகிறது."

தம்பி, விண்டோஸில் வேலை செய்கிற கார்டு எப்படிப் பழுதாகும்? காசைப் பத்திரமாக வைத்திருங்கள். ஃபோர்மட்டும் வேண்டாம். நான் முன்பு உவர்மலையில் ஒரு நண்பனின் லப்டொப்பில் ஒரே இரவில் மூன்று தடவை உபுண்டு போட்டவன். விடிய அவன் தங்கச்சி வந்து, விமானப் படம் போட்ட பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாள். வைஃபை வந்துவிட்டது. இப்போதும் என்னைக் கண்டால் சிரிப்பாள்.

முதலில் எப்படியாவது இணையம் வேண்டும். போனை வயரால் லப்டொப்பில் இணையுங்கள். போனில் ஹொட்ஸ்பொட் இருக்கிற இடத்திலேயே யூஎஸ்பி டெதரிங் என்று ஒன்று இருக்கும், வயர் குத்திய பிறகுதான் அதை அழுத்த விடும். அழுத்தினால் மின்ட் அதை சாதாரண வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பல ஆண்ட்ராய்டு போன்களில், போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதுவே வயர் வழியாக வரும், டேட்டா செலவில்லை. ஒன்றும் நடக்கவில்லையா? வயரை மாற்றிப் பாருங்கள். சில மலிவு வயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும்.

சரி, இப்போது டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கிற ஜன்னலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்று ஐந்து எழுத்தையும் சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு, கே. நீளமாக ஒரு பட்டியல் ஓடும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் இன்டெல், ரியல்டெக், புரோட்கொம் என்று ஒரு பெயர் இருக்கும். அதற்குக் கீழே 'கேர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா? கேர்னல் என்றால் லினக்ஸின் மையப் பகுதி, டிரைவர் என்றால் கார்டை ஓட்டுகிற மென்பொருள். அந்த வரி இருந்தால் டிரைவர் ஓடுகிறது, சிக்கல் வேறெங்கோ. இல்லையென்றால் லினக்ஸ் கார்டைக் கண்டிருக்கிறது, அதை ஓட்டத்தான் ஆளில்லை. விண்டோஸிலும் வராமல் இங்கும் பெயரே இல்லை என்றால்தான் கார்டைச் சந்தேகப்படலாம்.

புரோட்கொம் என்றால் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் போதும், அங்கே காட்டும். ரியல்டெக் என்றால் அப்டேட் மேனேஜரில் புதிய கேர்னல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பல ரியல்டெக் கார்டுகளுக்குப் புதிய கேர்னலோடு டிரைவர் சேர்ந்தே வருகிறது.

அநேகமானவர்கள் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். செக்யூர் பூட், அதாவது கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடுகிற பாதுகாப்பு, ஓனில் இருந்தால், புரோட்கொம் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் பண்ணியதும் நீலத் திரை ஒன்று வந்து சில விநாடிகள்தான் நிற்கும். பயந்துபோய் 'கன்டினியூ' கொடுத்துவிடாதீர்கள். 'என்ரோல் மொக்' என்பதைத் தேர்ந்து அந்த பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் டிரைவர் உள்ளே இருந்தும் கேர்னல் அதை ஏற்காது. செக்யூர் பூட்டையே நிறுத்துவது சுலபம்தான், ஆனால் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் இருந்தால் ரிகவரி கீ கேட்கும். அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் ஓடியும் பட்டியல் வரவில்லையா? 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' அடியுங்கள். சொஃப்ட் புளொக்ட் 'யெஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்புளொக் வைஃபை' என்று கொடுத்தால் விடும். ஹார்ட் புளொக்ட் 'யெஸ்' என்றால் பொத்தானோ சுவிட்சோதான், என் கதை மாதிரி.

அப்புறம் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது ஓனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. சில லப்டொப்புகளில் வைஃபை கார்டும் அரைத் தூக்கத்தில் கிடக்கும். விண்டோஸ் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாமல் போவதும் பல நேரம் இதனால்தான்.

நேரப் பிரச்சினை சின்னது. காலை ஒன்பது மணிக்கு விண்டோஸ் மூன்றரை என்று காட்டுகிறதா? சரியாக 5 மணி 30 நிமிடம் பின்னால். லினக்ஸ் உள்ளே இருக்கிற கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இலங்கை நேரம் என்று நினைத்து வாசிக்கிறது. டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று கொடுங்கள். எழுத்துகளைத் திரையில் போட்டிருக்கிறேன், பார்த்து அடியுங்கள். பிறகு விண்டோஸில் ஒருதடவை நேரத்தைச் சரிசெய்தால் சரி.

அந்த நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியைப் போனில் படமெடுத்து அனுப்புங்கள், தம்பி. எந்தக் கார்டு என்று தெரிந்தால் அடுத்த வீடியோவில் அதற்கான டிரைவரைப் போட்டே காட்டுகிறேன்.