நீர்மட்டம் மட்டும் போதாது

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஊர் கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர். லோயர்கேம்ப்புக்கும் கம்பத்துக்கும் இடையில், குமுளி மலையின் அடிவாரம். இப்போது பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் பெங்களூரில் ராத்திரி வேலை. ஓர் இணைய விளையாட்டின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு அது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உட்கார்ந்து விளையாடுகிறவர்கள் ஏதாவது சிக்கல் என்றால் எழுதிக் கேட்பார்கள், நாங்கள் பதில் எழுதுவோம். சந்தாவை நிறுத்த நினைக்கிறவர்களும் எங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அந்த அனுபவத்தைச் சொல்லச் சொல்லி நிலையத்தார் கூப்பிட்டார்கள், வந்திருக்கிறேன்.

ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து ஆடுகிற விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கடைசியில் அது ஓர் எண்ணில் போய் நிற்கும். இதற்கு எத்தனை சந்தாதாரர், அதற்கு எத்தனை? ஒரு கோடி என்பார் ஒருவர். அது பழைய கணக்கு, பாதிக்கு மேல் போயாச்சு என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் மனசாரத்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் டீக்கடையில் பேப்பர் பார்க்கிற ஒரு சம்சாரியிடம் இந்த வாதத்தைக் கொண்டுபோனால், அவர் முதலில் கேட்கிற கேள்வி வேறாக இருக்கும்: "சரிப்பா, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு?"

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பேப்பரில் மூன்று எண் வரும். நீர்மட்டம் இத்தனை அடி. நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி. தமிழகத்துக்குத் திறந்துவிடுவது இத்தனை கனஅடி. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த நாளிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் சோறு அந்த அணையில் இருக்கிறது. இருபோக நெல் மட்டும் 14,707 ஏக்கர். மட்டம் 130 அடி என்று கேட்டுவிட்டு யாரும் நாற்றங்காலில் விதையைப் போட்டுவிட மாட்டார்கள். வரத்து நூறு கனஅடி, போகிறது ஆயிரம் கனஅடி என்றால், 130 அடி இருந்தும் வயிற்றில் நெருப்புத்தான். மட்டம் 115 அடிதான், ஆனால் மேலே மழை பிடித்து வரத்து மூவாயிரம் என்றால் ஊரே சிரிக்கும்.

சந்தாதாரர் எண்ணிக்கை என்பது நீர்மட்டம். விளையாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான் வெளியே சொல்லும். மற்ற இரண்டும் உள்ளேயே இருந்துவிடும்.

இந்த வகையில் உலகம் அதிகம் பேசியது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பற்றித்தான். பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. அமெரிக்காவில் மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னால் 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் சில லட்சம் சந்தாவுக்கே பெரிய வெற்றி என்று கொண்டாடப்பட்டது என்றால் இந்த எண்ணின் பருமன் புரியும். பிறகு இறங்க ஆரம்பித்தது. 2014 நவம்பரில் புதிய விரிவாக்கம், அதாவது அதே விளையாட்டுக்குப் புதிதாகச் சேர்த்த பகுதி, வந்ததும் மறுபடி 1 கோடியைத் தாண்டியது. அடுத்த மார்ச் முடிவில் 71 லட்சம். ஜூன் முடிவில் 56 லட்சம். அந்த வருஷம் நவம்பரில், இனிமேல் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு மழைக்கு ஏறின தண்ணீர் அது. ஐப்பசியில் ரெண்டு நாள் கொட்டினால் மட்டம் ஏறுகிற மாதிரி, புதுச் சரக்கு வந்ததும் பழைய ஆட்கள் ஓடி வந்தார்கள், பார்த்தார்கள், மூன்று நாலு மாதத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். 1 கோடி என்ற அறிவிப்பைப் படித்தவர்கள் 1 கோடி பேர் குடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அதில் எத்தனை பேர் விருந்தாளி என்று அந்த எண் சொல்லவே இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. யாரைச் சந்தாதாரர் என்று எண்ணுவது? மேற்கே மாதச் சந்தா. சீனாவில் அப்போது அதே விளையாட்டுக்கு மணிக்கணக்கில் காசு. கணினி மையத்துக்குப் போய்க் கடந்த 30 நாளில் ஒரு தடவை உள்ளே நுழைந்தவரும் கணக்கில் ஒருவர்தான், மாதம் தவறாமல் 15 டாலர் கட்டுகிறவரும் ஒருவர்தான். பெரியாற்றில் ஓர் அடியும் வைகையில் ஓர் அடியும் ஒரே அளவு தண்ணீர் இல்லை என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கணக்கை இப்படித்தான் போடுகிறோம் என்று அந்த நிறுவனம் அறிக்கையிலேயே சொல்லித்தான் இருந்தது. வாதம் பண்ணுகிறவர்கள்தான் அந்தப் பத்தியைத் தாண்டி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெரியாறு அணையில் 104 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீர் நமக்கு வராது. தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவருகிற சுரங்கத்தின் வாய்க்கு அதுதான் மட்டம். தேக்கடியில் படகு விடலாம், நம் வாய்க்காலுக்குப் பாயாது. விளையாட்டுக் கணக்கிலும் இப்படி ஒன்று உண்டு, அதற்குப் பெயர் பதிவு செய்தோர் எண்ணிக்கை. செகண்ட் லைஃப் என்ற இணைய உலகம் 2006 அக்டோபரில் பத்து லட்சம் பேர் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னபோது பத்திரிகைகள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடின. அதில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியே வராதவர்கள் எத்தனை பேர் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம். இலவசமாகச் சேரக்கூடிய எதிலும் பதிவு எண்ணிக்கை ஏறத்தான் செய்யும், இறங்குவதற்கு வழியே இல்லை. இறங்கவே இறங்காத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எதன் உடல்நிலையையும் சொல்ல முடியாது.

இப்போது வெளியேற்றத்துக்கு வருகிறேன். மாதம் நூற்றுக்கு ஐந்து பேர் போகிறார்கள் என்று வையுங்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். நூறு பேரில் ஒரு வருஷம் கழித்து மிஞ்சுவது 54 பேர். மாதம் பத்துப் பேர் போனால் மிஞ்சுவது 28. பத்து லட்சம் பேர் இருக்கிற விளையாட்டு, நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில், இருந்த இடத்தில் நிற்பதற்கே மாதா மாதம் ஐம்பதாயிரம் புது ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் கிடைப்பார்கள். ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் ஒரு தடவை வந்து பார்த்த பிறகு எங்கே போய்ப் பிடிப்பது? அதனால்தான் உள்ளே இருக்கிற மேலாளர்கள் மொத்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே நாளில் சேர்ந்தவர்களைத் தனிக் கட்டாகக் கட்டி, மறுநாள் எத்தனை பேர் வந்தார்கள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள்.

ஸ்டார் வார்ஸ் பெயரில் 2011 டிசம்பரில் வந்த தி ஓல்ட் ரிபப்ளிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பணம், பெரிய எதிர்பார்ப்பு. பிப்ரவரியில் 17 லட்சம் சந்தா. மே மாதம் 13 லட்சம். ஜூலையில் பத்து லட்சத்துக்கும் கீழே. நவம்பருக்குள் இலவசமாக ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். வரத்துக்கு ஒரு குறையும் இல்லை. தேங்கத்தான் இல்லை.

ஏன் போகிறார்கள் என்பதைத்தான் நான் ஆறு வருஷம் பார்த்தேன். நிறுத்துவதற்கு முன்னால் ஒரு படிவம் வரும். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நேரமில்லை, கட்டணம் அதிகம், சலித்துவிட்டது என்று நாலைந்து வரி. நிறையப் பேர் "நேரமில்லை" என்பதைத்தான் தட்டுவார்கள். மேலே போகிற அறிக்கையிலும் அதுதான் முதல் காரணமாக நிற்கும். ஆனால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் வேறு கதை வரும். ஒரு ராத்திரி ஒருத்தர், விளையாட்டில் தன்னோடு சேர்ந்து ஆடுகிற கூட்டத்தின் பெயர்ப்பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினார். உள்ளே இருக்கிறவர் பெயர் வெள்ளையாகவும், இல்லாதவர் பெயர் சாம்பலாகவும் தெரியும். முப்பதுக்கு மேல் பெயர். ஒன்றுதான் வெள்ளை, அவருடையது. மற்றதெல்லாம் சாம்பல். பக்கத்தில் கடைசியாக வந்து 90 நாள், 214 நாள், ஒரு வருஷம் என்று இருந்தது. "இந்தப் பட்டியலைப் பார்க்கிறதுக்கு நான் ஏன் காசு கட்டணும்?" என்று எழுதினார். அவர் தட்டின காரணமும் நேரமில்லை என்பதுதான்.

எங்களுக்குக் கொடுத்த வேலை, போகிறவருக்கு ஏழு நாள் இலவசம் கொடுத்து நிறுத்தி வைப்பது. காலாண்டு முடிகிற வாரத்தில் இந்த நெருக்கடி அதிகம். அந்த வாரம் தாண்டினால் எண் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் அதே ஆள் மறுபடி வந்து நிறுத்துவார். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்று வரைக்கும் பிடிக்கவில்லை.

எங்கள் ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு, ஆட்கள் உண்மையில் ஏன் போகிறார்கள் என்பது விளங்கும். என் மதினி கம்பமெட்டு வழியாகப் போகிற ஒரு ஜீப்பில் ஒன்பது பேர் கொண்ட செட்டு. தூக்குவாளி, கொங்காணி, குளிருக்கு ஒரு பழைய சட்டை. கூலி எல்லாத் தோட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாள் அந்தத் தோட்டத்துக் கண்காணிப்பாளர் செட்டில் வயசான ஒரு அக்காவைக் காய் குறைவாக எடுத்ததற்கு எல்லார் முன்னாலும் வைதுவிட்டார். மறுநாள் ஜீப் வந்து நின்றது, ஒருத்தரும் ஏறவில்லை. வசவு வாங்கினது ஒருத்தர், போனது ஒன்பது பேர். மதினியிடம் கேட்டேன். "அந்தக்கா இல்லாம அங்க என்ன இருக்கு தம்பி, மலையும் மழையும்தான இருக்கு" என்றது.

விளையாட்டிலும் ஆட்கள் தனித்தனியாகப் போவதில்லை, செட்டாகப் போகிறார்கள். வார்கிராஃப்ட்டில் ஆரம்பத்தில் பெரிய படையெடுப்புக்கு 40 பேர் சேர வேண்டும். 2007 ஜனவரியில் வந்த விரிவாக்கத்தில் அதை 25 பேராகக் குறைத்தார்கள். நாற்பது பேரைச் சேர்ப்பது கஷ்டம், இருபத்தைந்து சுலபம் என்பது கணக்கு. கணக்குச் சரி. ஆனால் ரெண்டு வருஷம் ஒன்றாக நின்ற நாற்பது பேரில் எந்தப் பதினைந்து பேரை இறக்கிவிடுவது என்று கூட்டத்தலைவர்கள் தவித்தார்கள், பல கூட்டங்கள் உடைந்தன. அந்த விரிவாக்கத்துக்குப் பின்னும் மொத்தச் சந்தா ஏறிக்கொண்டுதான் இருந்தது. உடைந்த கூட்டங்களின் வலி அந்த ஏறுமுகத்தில் எங்கேயும் தெரியாது.

இப்போது செல்போன் விளையாட்டுகளில் தக்கவைக்க வேறு வழி வைத்திருக்கிறார்கள். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும், இந்த மாதத்துக்குள் முடிக்காவிட்டால் இந்தச் சட்டை பிறகு கிடைக்காது. இதனால் ஏழாம் நாள் கணக்கு அழகாகிவிடும். பிள்ளைகள் விருப்பத்தில் வருகிறார்களா, விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வருகிறார்களா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. பயத்தால் வருகிற வருகையைத் தக்கவைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2020-இல் ஊரடங்கு வந்தபோது குமுளிச் சாவடியில் இ-பாஸ் இல்லாமல் யாரும் தாண்ட முடியவில்லை. என் அண்ணன் மகன் கூடலூரில், அவன் அத்தை மகன் வண்டிப்பெரியாற்றில். இடையில் ஒரு மலைதான். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேரும் பப்ஜியில் ஏறுவார்கள். கூட அங்கே இருக்கிற மலையாளப் பையன்கள் இரண்டு பேர். சுடுகிறதைவிடப் பேச்சுத்தான் ஜாஸ்தி: அங்க மழையா, ஆச்சிக்கு மாத்திரை கிடைச்சுச்சா, எடா நீ வலப்பக்கம் போ. செப்டம்பர் 2-ஆம் தேதி அரசு அதைத் தடை செய்தது. மறு ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பு வந்தது. அதற்குள் மலையாளப் பையன்களில் ஒருவன் கோயமுத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். என் அண்ணன் மகன் இரண்டு நாள் ஆடிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டான். ஏன்டா என்றால், "நாலு பேர் இல்ல சித்தப்பா" என்றான். நிறுவனத்தின் ஏட்டில் அவன் சேர்ந்த கணக்கில் ஒன்று, போன கணக்கில் ஒன்று.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் ஒன்று உண்டு. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற விளையாட்டு 2004-இல் தொடங்கி 2012 நவம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது.  ஆனால் இருந்தவர்கள் கலைய மறுத்துவிட்டார்கள். வருஷக்கணக்காக ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்திருந்து, தாங்களே சர்வர் நடத்த ஆரம்பித்தார்கள். 2024 ஜனவரியில் உரிமை வைத்திருந்த என்சிசாஃப்ட் அவர்களில் ஹோம்கமிங் குழுவுக்கு முறைப்படி அனுமதி கொடுத்தது. மட்டம் பூஜ்யம் என்று எழுதி மூடின அணையில் பன்னிரண்டாவது வருஷம் தண்ணீர் நின்றது.

அதனால் அடுத்த தடவை யாராவது இந்த விளையாட்டுக்கு இத்தனை கோடி பேர் என்று சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். போன மாதம் வந்தவர்கள் எத்தனை, போனவர்கள் எத்தனை, போன வருஷம் சேர்ந்தவர்களில் இன்னும் இருப்பவர்கள் எத்தனை என்று கேளுங்கள். முடிந்தால், அவர்கள் யாரோடு சேர்ந்து ஆடுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

மதினி இப்போது வேறு ஜீப்பில் போகிறது. செட்டு அதேதான். அந்த வயசான அக்கா முன் சீட்டில்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.