பச்சை மை

வணக்கம் மக்களே. பின்னாடி தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா? நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். ஆனால் இன்றைக்கு ஊர் சுற்றுகிற வீடியோ இல்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வந்தேன்.

பக்கத்துக் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலேஜ் பிள்ளைகளோடு உடம்பைப் பற்றி, எச்ஐவி பற்றிப் பேசுகிறோம் இல்லையா? வாய்விட்டுக் கேளுங்கள் என்றால் தரையைப் பார்ப்பார்கள். அதனால் ஒரு ஸ்வீட் டப்பாவில் ஓட்டை போட்டு, பேர் இல்லாமல் சீட்டு எழுதிப் போடச் சொன்னேன். சரி, அங்கேயே பிரித்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் படித்தேனே, அதுதான் கூத்து. நாலாவது சீட்டு பச்சை மை. அந்த ஊரில் பச்சைப் பேனா வைத்திருப்பது ஒரே ஒரு பெண். மொத்தக் கூட்டமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

மற்ற சீட்டுகளில் "கொசு கடித்தால் எச்ஐவி வருமா?" என்ற கேள்விதான் அதிகம். நம்ம டெல்டா கொசுவுக்கு எவ்வளவோ கெட்ட பேர் உண்டு, இது மட்டும் வேண்டாம். கொசுவின் உடம்பில் இந்த வைரஸ் பெருகாது. ஒருத்தரிடம் உறிஞ்சிய ரத்தத்தை அடுத்தவர் உடம்பில் அது ஏற்றுவதும் இல்லை.

ஒரே ஒரு சீட்டுதான் என்னை உலுக்கியது: "டெஸ்ட் எடுத்தால் ஊருக்குத் தெரியுமா?" நோயை விட ஊர் வாய்க்குத்தான் பயம். அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது. 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் தெரிந்த முகம் இருக்குமோ என்று கூச்சமாக இருந்தால், பஸ் ஏறித் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ போங்கள். எந்த மையத்திலும் எடுக்கலாம். எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்தும் கேட்கலாம், காசில்லை. நேற்று நடந்ததற்கு இன்றைக்கு எடுத்தால் தெரியாது, 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இருக்கிறது என்று வந்தாலும் கூட்டு மருந்து இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உறவு மூலம் துணைக்குப் பரவாது. இதைச் சொன்னபோது ஒரு தம்பி, "நிஜமாவாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

அப்புறம், பச்சை மைப் பிள்ளை. நீ இதைப் பார்க்கிறாயோ என்னவோ. உன் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவே இல்லை. மாதவிடாய் தள்ளிப்போனாலே கர்ப்பம் என்று அர்த்தம் இல்லை. பரீட்சை டென்ஷன், எடை ஏறி இறங்குவது, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, எதுவாகவும் இருக்கலாம். உறவு இருந்திருந்தால் மட்டும் மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கிப் பார். 3 மாதமாக வரவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடு. தனியாகப் போக வேண்டாம் என்றால் நான் வருகிறேன்.

இப்போது பேப்பரும் பேனாவும் நானே கொடுக்கிறேன். எல்லாம் நீல மை. சீட்டை வீட்டில் வந்துதான் பிரிக்கிறேன்.