ரெண்டு கட்டி சோப்பு

வணக்கம் நேயர்களே. உங்களுக்குப் பிடிச்ச போர்ப் படங்களைப் பத்திப் பேசுங்கன்னு நிலையத்துல கேட்டதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது பீரங்கியும் இல்ல விமானமும் இல்ல, ரெண்டு கட்டி சோப்பு.

1959ல வந்த சோவியத் படம், பேலட் ஆஃப் எ சோல்ஜர், க்ரிகோரி சுக்ராய் எடுத்தது. அல்யோஷான்னு ஒரு பையன், 19 வயசு, சண்டையில பயந்து ஓடிட்டே இருக்கிறவன் எப்படியோ ரெண்டு ஜெர்மன் டேங்கை அடிச்சிடுறான். ஜெனரல் மெடல் தரேங்கறாரு. இவன் என்ன கேக்குறான்னா, மெடல் வேணாங்க, அம்மாவைப் பாத்துட்டு வர லீவு குடுங்க, வீட்டுக் கூரை ஒழுகுதாம், சரி பண்ணிக் குடுத்துட்டு ஓடி வந்துடுறேன்னு கேக்குறான். ஆறு நாள் கிடைக்குது. போக ரெண்டு, வர ரெண்டு, கூரைக்கு ரெண்டு.

வழியில போர்முனைக்குப் போற ஒரு சிப்பாய் இவனைப் பிடிச்சு, எங்க ஊரு வழியாத்தானே போற, என் பொண்டாட்டிகிட்ட எதையாவது குடுத்துடுப்பான்னு கெஞ்சுறான், ஆனா குடுத்தனுப்ப அவன் கையில ஒண்ணுமே இல்ல, அப்போ அந்தப் படைப்பிரிவுக்கே இருந்தது ரெண்டு கட்டி சோப்பு, எல்லாரும் சேர்ந்து அதைத் தூக்கிக் குடுத்துடுறாங்க. அல்யோஷா தேடிப் போய்ப் பாத்தா அந்த வீட்டுல வேற ஒரு ஆள் இருக்கான். குடுத்த சோப்பைத் திரும்ப வாங்கிட்டுப் போய், அந்தச் சிப்பாயோட அப்பாகிட்ட குடுக்குறான் பாருங்க, உங்க பையன் அனுப்பிச்சதுன்னு அந்தப் பெரியவர் மனசு குளிரக் குளிரச் சொல்லுவான். எத்தனை தடவை பாத்தாலும் அந்த இடத்துல என்னால சும்மா உக்காந்திருக்க முடியாது.

ரயில் மேல குண்டு விழுது, இவன் அடுத்தவங்களுக்கு உதவி உதவியே நாளெல்லாம் போயிடுது. ஊருக்கு வந்து சேரும்போது கையில சில நிமிஷம்தான். அம்மா வயல்லேருந்து ஓடி வராங்க, கட்டிப்பிடிச்சுக்கிறாங்க, அவ்வளவுதான், கிளம்பணும். கூரை அப்படியேதான் இருக்கு. அவன் திரும்பி வரமாட்டான்னு படத்தோட ஆரம்பத்துலயே நமக்குச் சொல்லிடுறாங்க, அந்த அம்மா ரோட்டையே பாத்துட்டு நிக்கிறதுலதான் படமே தொடங்குது.

கம் அண்ட் சீ, 1985, எலெம் க்ளிமோவ். பெலாரஸ்ல நாஜிங்க ஊர் ஊரா மக்களை உள்ள வச்சுக் கொளுத்தினதைச் சொல்ற படம். அப்படி எரிஞ்ச கிராமம் 628ன்னு கடைசியில எழுத்துல வரும். இதையெல்லாம் பாக்குற ஒரு சின்னப் பையனைச் சுத்தித்தான் கதை, படம் முடியறப்போ அவன் முகம் கிழவன் முகமா ஆயிருக்கும். இதுக்கப்புறம் க்ளிமோவ் வேற படமே எடுக்கல. குழந்தைங்க இருக்கும்போது போடாதீங்க, இதை உண்மையாவே கேட்டுக்குறேன்.

அதிகம் பேருக்குத் தெரியாத படம் ஒண்ணு சொல்லணும்னா டேஞ்சரீன்ஸ், 2013, ஜாஜா உருஷாட்ஸே எடுத்தது. ஜார்ஜியாவுலேருந்து பிரிஞ்சு போகணும்னு அப்காசியாவுல 1992ல நடந்த சண்டை. எஸ்டோனியாக்காரங்க குடியிருந்த ஊரு, கிட்டத்தட்ட எல்லாரும் கிளம்பிட்டாங்க, ஈவோன்னு ஒரு பெரியவர் மட்டும் ஆரஞ்சுப் பழத்துக்கு மரப்பெட்டி செஞ்சுட்டு உக்காந்திருக்காரு, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துப் பழம் அழுகிடக் கூடாதேன்னு. வாசல்ல சண்டை நடந்து ரெண்டு பேர் அடிபட்டுக் கிடக்காங்க, ஒருத்தன் அப்காசியா பக்கம் சண்டை போட வந்த செச்சென், ஒருத்தன் ஜார்ஜியன், ஒருத்தனை ஒருத்தன் கொல்லத் துடிக்கிறவங்க. பெரியவர் ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வச்சு வைத்தியம் பாக்குறாரு, என் கூரைக்குக் கீழ கொலை நடக்கக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டு. முழுப்படமும் ஒன்றரை மணி நேரம்தான். மீதிக் கதையை நான் சொல்ல மாட்டேன்.

கடைசியா எல்லாருக்கும் தெரிஞ்ச படம், பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய், 1957, டேவிட் லீன், ஏழு ஆஸ்கர். ஜப்பான்காரங்க போட்ட ரயில்பாதைக்காக பிரிட்டிஷ் போர்க் கைதிங்க பாலம் கட்டுற கதை. நம்ம பக்கத்துல இலங்கையில, கித்துல்கலவுல, களனி ஆத்து மேல நிஜமாவே பாலம் கட்டி வெடிச்சாங்க. அலெக் கின்னஸ் நடிப்பு எனக்கு உயிரு, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா சயாம்லேருந்து, அதாவது இப்போதைய தாய்லாந்துலேருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரங்க போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையில வெள்ளைக்காரக் கைதிங்களோட சேர்ந்து, மலேயா ரப்பர் தோட்டத்துலேருந்து கூட்டிட்டுப் போன நம்ம தமிழ் ஜனங்களும் காலராவுலயும் பட்டினியிலயும் ஆயிரமாயிரமா செத்தாங்களே, அவங்க கதை அந்தப் படத்துல இல்ல. கைதிங்களுக்காவது தாய்லாந்துல காஞ்சனாபுரியில பேரு பொறிச்ச கல்லறை வரிசை வரிசையா இருக்கு.

எங்க அப்பாயியோட அண்ணன் ஒருத்தர் மலேயாவுக்குப் போனவரு. சயாமுக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு யாரோ சொல்லி விட்டதோட சரி. அப்பாயி சாகுற வரைக்கும் அவருக்குத் திதி குடுக்க விடல, எந்த நாளுன்னு குடுப்பீங்கன்னு கேப்பாங்க.